"தோல் தடிக்கணும்" என்கிறார்கள்: எளிதில் பாதிக்கப்படும் மனம் குறையா?

கேள்வி:

எனக்கு வயது 33. திருவாரூர் மாவட்டத்தில் ஒரு மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனத்தில் ஃபீல்டு ஆபீசராக இருக்கிறேன். பெண்கள் குழுக்களுக்குக் கடன் கொடுப்பதும் தவணை வசூலிப்பதும் வேலை. சின்ன வயதிலிருந்தே எதையும் லேசாக எடுத்துக்கொள்ளத் தெரியாது. யாராவது குரலை உயர்த்தினால் அன்று முழுக்க மனதில் அதுதான் ஓடும்.

போன மாதம் ஒரு வீட்டுக்குப் போனபோது இருட்டிவிட்டது. அந்த அக்கா, மகளின் பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வைத்திருந்த பணத்தை அரிசி டப்பாவிலிருந்து எடுத்து எண்ணினார். அந்தப் பிள்ளை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. என்னால் வாங்க முடியவில்லை. "அப்புறம் பார்த்துக்கலாம்க்கா" என்று சொல்லிவிட்டு என் பணத்தைக் கட்டினேன். இப்படிப் பலமுறை கட்டியிருக்கிறேன், வீட்டுக்குத் தெரியாது. மேனேஜர் எல்லார் முன்னாலும் "உனக்கு வாய் இல்லை, நீ ரொம்ப சென்சிடிவ், இந்த வேலைக்குத் தோல் தடிக்கணும்" என்கிறார். அப்பாவோ "ஆம்பளைக்கு இவ்வளவு இளகின மனசு ஆகாதுடா" என்கிறார். மனைவி, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னா பத்து தடவை யோசிக்க வேண்டியிருக்கு" என்கிறாள். இரண்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. காலையில் வண்டியை எடுக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது.

ஒருமுறை கடன் கேட்டு வந்த பெண்ணின் முகத்தைப் பார்த்தே, இவர் வேறு யாருக்கோ வாங்கித் தருகிறார் என்று எனக்குத் தோன்றியது. விசாரித்தால் அதுதான் உண்மை, அந்த விண்ணப்பத்தை நிறுத்திவிட்டேன். அதனால் இந்தக் குணம் முழுக்கக் கெட்டது என்று நினைக்கவும் முடியவில்லை. என் ஆறு வயது மகளும் என்னைப் போலவே இருக்கிறாள். சட்டை லேபிள் உறுத்தினால் அழுகிறாள், வேட்டுச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்கிறாள். வகுப்பில் மிஸ் வேறொரு பையனை அடித்தால் வீட்டுக்கு வந்து அழுகிறாள். "இப்பவே ரெண்டு போட்டு வளர்த்தாத்தான் தைரியம் வரும்" என்கிறார்கள் உறவினர்கள். இது பலமா, பலவீனமா? நான் வேலையை விட்டுவிட வேண்டுமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் தூக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதமாகத் தூக்கம் கெட்டிருப்பதையும், வேலைக்குக் கிளம்பும்போது வயிறு கலக்குவதையும் "என் சுபாவமே இப்படித்தான்" என்ற கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். மென்மையான சுபாவம் உங்களோடு பிறந்தது, அது நோய் இல்லை. தூக்கம் போனது இப்போது வந்தது. மனச்சோர்வோ பதற்ற நோயோ தொடங்கியிருக்கலாம், அப்படியானால் அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால், மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு நொடி வந்திருந்தால்கூட, இந்தப் பதிலை மிச்சம் படிப்பதற்கு முன்னால் அந்த எண்ணுக்குப் பேசுங்கள். மனைவியிடமும் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எளிதில் பாதிக்கப்படும் மனம் தன்னளவில் பலமும் இல்லை, பலவீனமும் இல்லை. சுற்றியிருக்கிற இடமும் மனிதர்களும் உங்களுக்குள் எவ்வளவு ஆழமாக இறங்குகிறார்கள் என்பதுதான் அது. நல்ல இடம் என்றால் நல்லது ஆழமாக இறங்கும், மோசமான இடம் என்றால் அதுவும் அதே ஆழத்துக்கு இறங்கும். பனைக்கு எந்த மண்ணும் ஒன்றுதான், வெற்றிலைக் கொடிக்கு அப்படி இல்லை. வெற்றிலை வாடினால் அதைப் பனையாக்கிவிட வேண்டும் என்று எந்த விவசாயியும் நினைப்பதில்லை.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அமெரிக்க உளவியலாளர்களான எலைன் ஆரனும் ஆர்தர் ஆரனும் 1997இல் இந்தச் சுபாவத்தை அளக்க 27 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு பல நாடுகளில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2018இல் வந்த ஓர் ஆய்வில் ஏறத்தாழ 31 சதவீதம் பேர் அதிகம் பாதிக்கப்படுகிறவர்கள், 40 சதவீதம் பேர் நடுத்தரம், 29 சதவீதம் பேர் குறைவு என்று பிரிந்தார்கள். உங்கள் பிராஞ்சில் பத்துப் பேர் இருந்தால், உங்களைப் போல இன்னும் இரண்டு பேர் இருக்கக்கூடும். அவர்கள் மறைக்கக் கற்றுக்கொண்டிருப்பார்கள். இரட்டைக் குழந்தைகளை வைத்து 2020இல் செய்த ஆய்வு, மனிதருக்கு மனிதர் இதில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதிக்குப் பிறவிக் கூறுகள் காரணம் என்றது. உங்கள் மகள் உங்களைப் போல இருப்பதில் அதிசயம் இல்லை, உங்கள் வளர்ப்பில் குறையும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு லண்டனில் நடந்தது. வசதி குறைந்த ஒரு பகுதியின் பள்ளியில் 11 வயதுப் பெண் குழந்தைகளுக்கு மனச்சோர்வு வராமல் தடுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே வகுப்பு. பிறகு அளந்து பார்த்தபோது, எளிதில் பாதிக்கப்படும் பிள்ளைகளிடம்தான் மனச்சோர்வு குறைந்திருந்தது. மற்றப் பிள்ளைகளிடம் பெரிய மாற்றமே இல்லை. "தொட்டாச்சிணுங்கி" என்று நாம் ஒதுக்குகிற பிள்ளைதான் நல்ல வார்த்தையை முழுசாக வாங்கிக்கொள்கிறது. உங்கள் அப்பாவுக்கு நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம், இந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

அடுத்தது, மேனேஜர் சொல்லும் "தடித்த தோல்". முகத்தில் காட்டாமல் உள்ளேயே அமுக்கிக்கொள்வதை அவர் சொல்கிறார் என்று நினைக்கிறேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கிராஸ் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். மனவருத்தத்தை முகத்தில் காட்டாமல் அமுக்கினால் உள்ளே அது குறைவதில்லை, உடம்பின் பதற்றம்தான் கூடுகிறது. அப்போது எதிரில் இருப்பவர் பேசியதுகூடச் சரியாக நினைவில் நிற்பதில்லை. வசூல் வேலையில் ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்லும்போது அதைக் காதில் சரியாக வாங்குவதுதானே பாதி வேலை?

இப்போது அந்த அரிசி டப்பா வீட்டுக்கு வருவோம். நீங்கள் போனபோது இருட்டிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குள் ஏதோ ஒன்று "இது சரியில்லை" என்றது. அதைப் பலவீனம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்ட மைக்ரோ ஃபைனான்ஸ் விதிகளை எடுத்துப் பாருங்கள். தவணையை இரு தரப்பும் சேர்ந்து முடிவு செய்து குறித்த இடத்தில்தான் வாங்க வேண்டும். கடன் வாங்கியவர் அந்த இடத்துக்குத் தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வரவில்லை என்றால் மட்டுமே வீட்டுக்குப் போகலாம். காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ போன் செய்வதையே கடுமையான வசூல் முறை என்று சொல்லித் தடுத்திருக்கிறார்கள். மிரட்டுவது, கேவலமாகப் பேசுவது, உறவினர்களைத் தொந்தரவு செய்வது எதுவும் கூடாது. ஒரு குடும்பம் கட்டும் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

அந்த வாசலில் உங்களுக்குத் தோன்றியதையும் இந்த விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தம்பி. உங்கள் மனம் தப்பாகச் சொல்லவில்லை. கடன் கேட்டு வந்த பெண்ணின் முகத்திலிருந்து உண்மையைப் படித்ததும் இதே மனம்தான். அன்று நீங்கள் அந்த விண்ணப்பத்தை நிறுத்தியதில் அந்தப் பெண் பிழைத்தார், உங்கள் நிறுவனத்தின் பணமும் பிழைத்தது.

அடுத்து நான் சொல்லப்போவது கொஞ்சம் வலிக்கும். கைப்பணத்தைக் கட்டினீர்களே, அது யாருக்காக?

அந்த அக்காவுக்காக என்று நீங்கள் நம்புகிறீர்கள். உங்கள் நல்ல மனசில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவருடைய கடன் அப்படியேதான் இருக்கிறது, அடுத்த தவணையும் வரப்போகிறது. அவர் சிரமத்தில் இருக்கிறார் என்ற செய்தி பிராஞ்சுக்குப் போகவே இல்லை, ஏனென்றால் ஏட்டில் பணம் கட்டியாகிவிட்டது. உங்கள் வீட்டுக் கணக்கில் மனைவிக்குத் தெரியாத ஓட்டை விழுந்திருக்கிறது. அந்த வாசலில் நின்ற உங்கள் தவிப்பு மட்டும் அந்த நிமிடத்தில் நின்றது. பிறர் துன்பத்தைப் பார்க்கும்போது நமக்குள் கிளம்பும் தவிப்பு அவ்வளவு தாங்க முடியாததாக ஆகிவிட்டால், அதை நிறுத்துவதுதான் முதல் வேலையாகிவிடுகிறது. எதிரில் இருப்பவர் இரண்டாவதாகிவிடுகிறார்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் டானியா சிங்கரும் ஓல்கா கிளிமெக்கியும் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார்கள். பிறர் படும் துன்பத்தைக் காட்டும் வீடியோக்களை ஒரு குழுவுக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தத் துன்பத்தைத் தாங்களும் சேர்ந்து அனுபவிக்கப் பயிற்சி பெற்ற பிறகு, அவர்களுக்கு வருத்தமும் சோர்வும் கூடின. அதே ஆட்களுக்கு அடுத்ததாகக் கருணைப் பயிற்சி கொடுத்தார்கள், அதாவது எதிரில் இருப்பவர் நன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறையை வளர்க்கும் பயிற்சி. அப்போது அந்தச் சோர்வு இறங்கி, இதமான உணர்வு கூடியது. வீடியோவில் இருந்த துன்பம் குறையவில்லை. அதைப் பார்த்தவர் நின்ற இடம்தான் மாறியது.

உங்கள் வேலையில் இதற்கு என்ன பொருள் என்று சொல்கிறேன். இனி கைப்பணம் கட்டுவதில்லை என்று வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். வாசலில் நின்றுகொண்டு முடிவெடுத்தால் மனசு எப்போதும் பர்ஸைத்தான் திறக்கும். அந்த அக்கா பணத்தை எண்ணும்போது செய்யக்கூடியது வேறு ஒன்று இருக்கிறது. "அக்கா, உங்க லோன் கார்டை எடுங்க" என்று கேளுங்கள். குறை சொல்ல வேண்டிய அதிகாரியின் பெயரும் எண்ணும் அதில் இருக்க வேண்டும் என்பது விதி. அதைப் படித்துக் காட்டுங்கள், பலர் அந்தக் கார்டைப் படித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்தக் குடும்பத்துக்கு இன்னின்ன காரணத்தால் இந்தத் தவணை கட்ட முடியவில்லை, அவகாசம் வேண்டும் என்று பிராஞ்சுக்கு எழுத்தில் கொடுங்கள், ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் திட்டலாம். இருந்தாலும் அந்தக் குடும்பத்தின் நிலை காகிதத்தில் ஏறிவிடும். நீங்கள் தவித்துவிட்டு வருவதைவிட அவருக்கு அதனால் அதிகப் பலன்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு விஷயமும் இதோடு கலந்து கிடக்கிறது. அதைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். அந்த அக்காவுக்காக நீங்கள் வருந்துவது ஒன்று. மேனேஜர் பேசியது இரவெல்லாம் மனதில் ஓடுவது வேறு. முதலாவதில் நீங்கள் மற்றவரைப் பார்க்கிறீர்கள், இரண்டாவதில் "என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்" என்றுதான் பார்க்கிறீர்கள். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம், உங்களிடம் இருக்கிறது. முதலாவதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கப் பழகலாம்.

அதற்கு ஒரு பழக்கம் சொல்கிறேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்துங்கள். பாக்கெட் நோட்டில் இரண்டே வரி எழுதினால் போதும். மேனேஜர் என்ன சொன்னார் என்பது முதல் வரி: "மூணு குழுவுல தவணை பாக்கி இருக்குன்னார்." நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பது இரண்டாவது: "நான் எதுக்கும் லாயக்கில்லை." இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தால், இரண்டாவது வரியை எழுதியது மேனேஜர் இல்லை என்பது தெரியும். எல்லா நாளும் இவ்வளவு சுத்தமாகப் பிரியாது. சில நாள் அவர் உண்மையிலேயே அவமானப்படுத்தியிருப்பார். அன்று தப்பு அவர் மேல்தான், அதையும் அப்படியே எழுதுங்கள். பலர் முன்னால் திட்டுவதைப் பற்றி அவரிடம் தனியாகப் பேசவும் வேண்டும்: "சார், தப்பு இருந்தா ரூம்ல கூப்பிட்டுச் சொல்லுங்க, திருத்திக்கிறேன்." இதைச் சொல்லத் தடித்த தோல் தேவையில்லை. குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

உங்கள் மனைவி சொன்ன ஒரு வரியைக் கடிதத்தில் சீக்கிரம் கடந்து போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். "ஒண்ணு சொல்லணும்னா பத்து தடவை யோசிக்க வேண்டியிருக்கு." மென்மையான மனம் உள்ளவர்கள் மற்றவர்களைக் காயப்படுத்த மாட்டார்கள் என்று பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது முழு உண்மை இல்லை. நாம் சட்டென்று வாடிவிடுவோம் என்று தெரிந்தால் வீட்டில் இருப்பவர்கள் சொல்ல வேண்டியதை விழுங்கிக்கொள்கிறார்கள். சண்டையே இல்லாத வீடாக வெளியே தெரியும், உள்ளே ஒருத்தி தனியாக எல்லாவற்றையும் சுமந்துகொண்டிருப்பாள். இந்த இடத்தில்தான் உங்கள் குணம் உண்மையிலேயே பலவீனமாகிறது, அதன் சுமை உங்கள் மனைவியின் தலையில் விழுகிறது. கைப்பணம் கட்டிய கணக்கை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் கோபப்படுவார், கோபப்பட அவருக்கு உரிமை இருக்கிறது. அப்போது முகம் வாடி அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளாமல் அவர் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள். தாங்க முடியவில்லை என்றால், "பத்து நிமிஷம் குடு, வந்து பேசுறேன்" என்று சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி திரும்பி வாருங்கள். திரும்பி வருவதுதான் முக்கியம்.

வேலையை விடலாமா? இந்தத் தூக்கத்தோடும் வயிற்றுக் கலக்கத்தோடும் இன்று அந்த முடிவை எடுக்காதீர்கள். முதலில் சிகிச்சை. பிறகு, வசூலிலிருந்து விலகி, கடன் கொடுப்பதற்கு முன்னால் வீட்டைப் பார்த்து விசாரிக்கும் வேலைக்கோ, புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கோ மாற வழி இருக்கிறதா என்று கேளுங்கள். முகத்தைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே தேவைப்படுவார். விதியை மீறித்தான் வசூலிக்க வேண்டும் என்று உங்கள் கிளை தொடர்ந்து நெருக்கினால் வேறு வேலை தேடுங்கள், கையில் ஆர்டர் வந்த பிறகு விடுங்கள். தாங்க முடியாமல் ஓடினேன் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்ளாதீர்கள். தப்பான வேலையைச் செய்ய மறுப்பது ஓடுவது ஆகாது.

கடைசியாக உங்கள் மகள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கேகன், புதிய காட்சிக்கும் சத்தத்துக்கும் அதிகமாகத் துடித்து அழும் நான்கு மாதக் குழந்தைகளை அவர்கள் பெரியவர்களாகும்வரை கவனித்தவர். ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை அப்படி இருந்தது. அவர்களில் பலர் பிற்காலத்தில் கூச்ச சுபாவிகளானார்கள், ஆனால் எல்லாரும் பயந்தாங்கொள்ளிகள் ஆகவில்லை. பயப்படும் ஒவ்வொன்றிலிருந்தும் பொத்திப் பொத்திக் காப்பாற்றப்பட்ட குழந்தைகளைவிட, அன்போடும் உறுதியோடும் புதியவற்றை எதிர்கொள்ளப் பழக்கப்பட்ட குழந்தைகளிடம் பயம் குறைந்தது. எனவே சட்டை லேபிளைக் கத்தரித்துவிடுங்கள், அதில் வீரம் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் வேட்டுக்குப் பயந்து திருவிழாவுக்கே போகாமல் இருக்க வேண்டாம். சத்தம் தாங்கும் தூரத்தில் உங்கள் பக்கத்தில் நிற்கட்டும், அடுத்த முறை நாலடி கிட்டே போகலாம். எப்போது போதும் என்று அவளே சொல்லட்டும்.

அடி மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். மற்றக் குழந்தைகளைவிட அது அவளுக்குள் ஆழமாக இறங்கும் என்பதை இவ்வளவு நேரம் பேசினோம். வகுப்பில் வேறொரு பையன் அடிவாங்கியதற்கு அவள் அழுதாள் அல்லவா? 2009ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பள்ளியில் குழந்தைகளை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. அந்த வகுப்பில் தப்பைத் தப்பாக உணர்ந்தவள் உங்கள் மகள். "அதுக்கெல்லாம் அழக் கூடாதும்மா" என்று சொல்லி அனுப்பாதீர்கள். "மிஸ் அடிச்சது தப்புதான், அப்பா வந்து பேசுறேன்" என்று சொல்லுங்கள். இந்த வாரமே பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள், பேசியதை வீட்டுக்கு வந்து அவளிடம் சொல்லுங்கள்.